"இளைக்குது" என்ற சொல்லுக்கு வந்த டிக்கெட்

1. மூலையில் முளைத்த பொத்தான்

அந்தத் திங்கட்கிழமை நான் கோட்டைக் கழற்றுவதற்குள்ளேயே சுவரில் இருந்த ஸ்கிரீன் சிவப்பாகிவிட்டது. எங்கள் ஹெல்ப்டெஸ்க்கில் போன் லைனில் காத்திருப்பவர்கள் கூடக் கூட அந்த ஸ்கிரீன் பச்சையில் இருந்து மஞ்சளுக்கும், மஞ்சளில் இருந்து சிவப்புக்கும் போகும். சிவப்பு என்றால் எங்கேயோ ஒரு சேர்வர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு சேர்வரும் விழவில்லை. சனி ஞாயிறில் பிரவுசர் தானாக அப்டேட் ஆகி, வலது பக்க மூலையில் ஒரு ஏஐ பொத்தான் முளைத்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

என் பெயர் வசந்தி. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் இருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு கம்பெனியில் கனகாலம் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து நோயாளரைப் பார்க்கிற நேர்ஸ் கம்பெனிகள், பள்ளிக்கூட ஒஃபிஸ்கள், கணக்காளர்கள் என்று பலருக்கு நாங்கள் கொம்பியூட்டர் உதவி செய்தோம். இப்போது பென்ஷன். எங்கள் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். "அன்ரி, ஹெல்ப்டெஸ்க் வேலை லேசுதானே?" என்று கலியாண வீடுகளில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒரு டிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். உதவி கேட்டு வருகிற ஒவ்வொரு முறையீட்டையும் நாங்கள் டிக்கெட் என்போம். எனக்கு வாய் கொஞ்சம் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று முதல் போன் ஒரு கணக்காளர் பெண்மணி. வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இதை நான் கேட்டனானா? சொல்லு, நான் கேட்டனானா? நான் ஒரு கடிதம் வாசிச்சுக்கொண்டிருக்க, பக்கத்தில ஒண்டு வந்து நிண்டு 'சுருக்கித் தரட்டோ' எண்டு கேக்குது. என்ர வீட்டு மேசையில ஆரோ முன்பின் தெரியாத ஆள் வந்து குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு."

அவர் டெனிஷில் சொன்னதை நான் எங்கள் தமிழில் தருகிறேன். கோபம் எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அடுத்தவர் பள்ளிக்கூடச் செயலாளர். மூலையை ஒரு காயப் பிளாஸ்டர் துண்டால் ஒட்டி மறைத்துவிட்டாராம். "இனிப் பாக்காதுதானே?" என்று கேட்டார். மரணச் சடங்கு ஏற்பாடு செய்கிற ஒஃபிஸில் இருந்து ஒரு மனுசன் எடுத்தார். தகப்பனை இழந்த ஒரு குடும்பம் எழுதிய நீண்ட கடிதத்தை அந்தப் பொத்தான் ஒரே வரியில் சுருக்கி, கீழே "தொனி: நட்பானது" என்று போட்டிருந்ததாம். அவர் சத்தம் போடவில்லை. "இதை நிப்பாட்டுங்கோ, தயவுசெய்து" என்று மட்டும் சொன்னார். அவருக்குத்தான் நான் முதலில் நிற்பாட்டிக் கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்து மேசை கார்த்திக். கோயம்புத்தூர்க்காரன், கெட்டிக்காரன், முப்பது தாண்டாத வயது. ஹெட்செட்டை ஒரு காதில் இருந்து விலக்கிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, பாலிசில போய் டிசேபிள் பண்ணலாம். ஆனா அடுத்த அப்டேட்ல வேற பேர்ல திரும்ப வந்துடும். நான் பாத்துட்டேன்."

"கோதாரி விழுந்த பொத்தான்" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. ஆனால் தொனி விளங்கியது.

எங்கள் மேலாளர் ஹென்றிக் கோப்பிக் கோப்பையோடு வந்து சிவப்பு ஸ்கிரீனைப் பார்த்தார். கெட்ட மனுசன் இல்லை. கத்த மாட்டார், பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவார்.

"சனம் பழகிவிடும் வசந்தி. மவுஸ் வந்த நேரமும் இப்பிடித்தான் கத்தினவை."

"மவுஸ் என்ர கடிதத்தை வாசிக்கேல்லை ஹென்றிக்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

2. புஷ்பம் அக்காவின் போன்

அந்தக் கிழமை முழுவதும் வசவுதான். ஒரேயொரு ஆள் நன்றி சொல்ல எடுத்தார். அவர் ஒரு தமிழ் மனுசி. மரியபுஷ்பம் என்று பெயர். நாங்கள் புஷ்பம் அக்கா என்போம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், எழுபதைத் தொட்டவர். இறைச்சி பக்டரியில் குளிருக்குள் நின்று வேலை செய்து ஓய்வு எடுத்தவர். புருசன் காலமாகி, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். சலரோகத்தால், அதுதான் சர்க்கரை வருத்தத்தால், காலில் ஒரு புண். கிழமைக்கு ஒரு தடவை மெத்த என்கிற நேர்ஸ் வந்து கட்டு மாற்றுவார். அந்த நேர்ஸ் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அவர்கள் புஷ்பம் அக்காவுக்கு ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கம் உண்டு. ஏதும் சொல்ல வேண்டுமென்றால் அதில் எழுதலாம். நேர்ஸும் அதைப் பார்ப்பார், குடும்பத்தில் ஒருவரும் பார்க்கலாம். குடும்பம் என்றால் ஒரே மகள் சிந்தியா. டோஸ்ட்ருப்பில் இருந்தாள், ரயிலில் சில மணி நேரப் பயணம்.

புஷ்பம் அக்கா அதுவரைக்கும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியதில்லை. பக்டரி டெனிஷில் கத்தி, பெட்டி, விடுமுறை இதெல்லாம் சொல்லலாம். உடம்பில் வருகிற வருத்தத்தை, நோயை, சொல்ல அது காணாது.

"பிள்ளை வசந்தி, ஒரு புதினம் தெரியுமே? நான் தமிழில எழுதினால் நேர்ஸின்ர பக்கத்தில அது டெனிஷில வருதாம். அவ டெனிஷில எழுதினால் எனக்குத் தமிழில வருது. உண்மையோ?"

"உண்மைதான் அக்கா, அந்தப் புதுப் பொத்தான்தான் பாஷையை மாத்துது. உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கோவோ! இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசத்தில நான் ஒரு டொக்டரோட என்ர வாயால கதைச்சதில்லை. எப்பவும் ஆரும் பக்கத்தில நிண்டு சொல்ல வேணும். சின்னனில மகள் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வருவாள், பாவம். இப்ப நானே எழுதுறன். நீங்கள் ஆக்கள் இதைப் பூட்டிப் போடாதைங்கோ பிள்ளை."

நான் அந்தப் பொத்தானை வெறுத்தேன். ஆனால் அந்தச் சந்தோசத்துக்கு எதிராக என்ன சொல்லுவது? தமிழ் எழுத்துப் பலகையை டேப்லெட்டில் எப்படிப் போடுவதென்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு விரலால் தட்டிப் பழகினார்.

சிந்தியாவோடு போனில் கதைப்பதில்லையா என்று கேட்டேன். "கதைப்பன். 'சாப்பிட்டீங்களா மோர்' எண்டு கேப்பாள், நான் ஓம் எண்டுவன், அதோட முடிஞ்சுது" என்றார். மோர் என்றால் டெனிஷில் அம்மா. "அவளின்ர தமிழும் என்ர டெனிஷும் சந்திக்கிற இடம் சாப்பாடு மட்டும்தான். இதில எழுதினால் அவளும் வடிவா வாசிப்பாள். இப்ப அவள் எனக்கு நீளமா எழுதுறாள் பிள்ளை."

தாயும் மகளும் முதல்தடவையாக நீளமாகக் கதைக்கிறார்கள், அதுவும் அந்தப் பொத்தானால். நான் அன்று வீட்டுக்குப் போய் என் மனுசனிடம் அதைச் சொன்னேன்.

3. தமிழ் ஓகே

ஹென்றிக் ஒரு மெயில் அனுப்பினார். நேர்ஸ் கம்பெனிகளில் பல நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு பாஷையையும் அந்தப் பாஷைக்காரர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்று. அரபியை ஒரு சிரியப் பெடியன் பார்த்தான். தமிழை என்னிடம் தந்திருக்க வேண்டும். நான் போன் லைனில் வசவு வாங்கிக்கொண்டிருந்தேன், கார்த்திக் சும்மா இருந்தான். அவனிடம் போனது.

அவன் ஒழுங்காகத்தான் செய்தான். பல வசனங்கள் எழுதிப் பார்த்தான். "எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்", "மாத்திரை சாப்பிட்டேன், வாந்தி வந்தது", "கால்ல வீக்கம் இருக்கு". எல்லாம் சுத்தமான டெனிஷில் வந்தது. நானே எட்டிப் பார்த்தேன், குறை சொல்ல இடமில்லை. பரிசோதனைப் படிவத்தில் தமிழுக்கு இருந்த கட்டத்தில் எழுதினான்: தமிழ் ஓகே.

ஒரு பகிடியும் நடந்தது. வேறு ஒரு ஊரில் ஒரு தமிழ் ஐயா நேர்ஸுக்கு "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று எழுதியிருந்தார். பேச வேண்டும் என்று அர்த்தம், எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். மெஷின் அதை "குடிமகன் ஒரு கதை சொல்ல விரும்புகிறார்" என்று மாற்றி, நூலகத்தில் நடக்கிற வாசிப்பு வட்டத்தில் சேரலாம் என்று பக்கத்தில் ஆலோசனையும் போட்டது. ஹென்றிக் அதைக் கோப்பி அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்த்திக்கும் சிரித்தான்.

"அக்கா, நம்மூர்லயே யாராவது 'கதைக்கணும்'னு சொன்னா நானும் ஒரு செகண்ட் முழிப்பேன்."

"தமிழ் எண்டு ஒண்டு மட்டும் இல்லை தம்பி. உன்ர தமிழ் ஓகே. என்ர தமிழ் ஆர் பாத்தது?"

"ஒரு வார்த்தை தானே அக்கா. மீதியெல்லாம் கரெக்ட்டா வருதே."

சரி, வருகிறதுதான். நான் ஹென்றிக்கிடம் போய் இலங்கைத் தமிழைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னை அன்பாகப் பார்த்தார்.

"வசந்தி, அது ஒரே மொழிதானே?"

"ஒரே மொழிதான்" என்றேன். "நீங்களும் நோர்வேக்காரனும் ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ளுறீங்கள்தானே. உங்களுக்கு வருத்தம் வந்தால் நோர்வேக்காரனை அனுப்பட்டோ?"

சிரித்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எங்கள் ஒஃபிஸில் "அடுத்த மாதம்" என்றால், "இல்லை" என்பதை மரியாதையாகச் சொல்லுவது.

4. தராசும் மெஷினும்

மழை வந்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். நேர்ஸ் மெத்தவிடம் இருந்து டிக்கெட் வந்தது. அவசரம் இல்லை என்று குறித்திருந்தார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"நான் பார்க்கும் ஒரு பெண்மணி தான் மெலிந்துகொண்டு வருவதாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். படி ஏறி மெலிகிறாராம், நடந்து மெலிகிறாராம், இரவில் படுத்திருந்தும் மெலிகிறாராம். டொக்டர் நிறையைக் குறைக்கச் சொன்னவர், ஆகவே எனக்குச் சந்தோசம். ஆனால் ஒவ்வொரு கிழமையும் தராசில் நிறை ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றில் என் தராசு பொய் சொல்லுகிறது, இல்லையென்றால் உங்கள் ஏஐ பொய் சொல்லுகிறது. எது என்று பாருங்கள்."

டிக்கெட்டை முதலில் எடுத்தது கார்த்திக். "இது தராசு பிரச்சனை அக்கா, நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்று சிரித்தான். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். டிக்கெட்டோடு வந்த பக்கத்தைத் திறந்து, மொழிபெயர்ப்பைத் தட்டி நிற்பாட்டினேன். மேலே மரியபுஷ்பம் என்ற பெயர், அடியில் அவர் எழுதிய தமிழ்.

"படி ஏற இளைக்குது."

"கொஞ்சம் நடந்தாலும் இளைக்குது சிஸ்டர்."

"இரவில படுத்தால் சரியா இளைக்குது. எழும்பி இருந்தால் பறவாயில்லை."

நான் திரும்ப முதல் வரியில் இருந்து வாசித்தேன்.

"என்னக்கா?" என்றான் கார்த்திக். "இளைக்குதுன்னா ஒல்லியாகுறது தானே?"

எங்கள் ஊரில் இளைக்குது என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். மூச்சு எடுக்க முடியவில்லை, இரைக்கிறது. ஆஸ்துமாவை இளைப்பு வருத்தம் என்றுதான் சொல்லுவோம். அவனுடைய ஊரில் இளைத்துப் போனான் என்றால் மெலிந்து போனான். இரண்டும் நல்ல தமிழ்தான். மெஷினுக்கு அவனுடைய தமிழைத்தான் கூட ஊட்டியிருந்தார்கள். கிழவி ஒருத்தி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கிழமைக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறாள், எங்கள் மெஷின் அவளுக்கு உடம்பு குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நிறை ஏறியது உடம்பில் நீர் தங்கியதால். அதைச் சொல்ல எனக்கு டொக்டர் படிப்பு தேவைப்படவில்லை. என் தகப்பனும் அப்படித்தான் போனவர்.

"ஒல்லி இல்லையடா, மூச்சு!" என்று கத்தினேன். ஒஃபிஸ் முழுக்கத் திரும்பியது. "மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு மனுசி!"

அவன் முகம் சாம்பலாகியது. "எங்க ஊர்ல மூச்சு வாங்குதுன்னு சொல்லுவோம்க்கா" என்றான், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

நான் புஷ்பம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார். ஒரு வசனத்துக்கு நடுவே மூன்று தரம் நின்று நின்று கதைத்தார்.

"ஆர்... வசந்தியோ?"

"ஓம் அக்கா. உங்களுக்கு மூச்சு எப்பிடிக் கிடக்கு?"

"இளைக்குது பிள்ளை. இப்பதான்... படி ஏறி இறங்கிப் போட்டு வந்தனான்."

"ஏன் அக்கா படி ஏறினீங்கள்? இந்த மூச்சோட?"

"மகள்... சொன்னவள். 'மிக நன்று அம்மா, தினமும் படி ஏறுங்கள், இப்படியே தொடருங்கள்' எண்டு... எழுதியிருக்கிறாள். எனக்கு விளங்கேல்லைத்தான். இளைக்குது எண்டுறன்... தொடரச் சொல்லுறாள். ஆனால் அவள் படிச்ச பிள்ளை. ஏறி ஏறித்தான்... சுகம் வருமாக்கும்."

சிந்தியாவும் அந்தப் பக்கத்தை அதே பிரவுசரில்தான் வாசித்திருக்கிறாள். படி ஏறி மெலிகிறேன் என்று அம்மா எழுதினால் எந்த மகளுக்குச் சந்தோசம் வராது?

நான் கார்த்திக்கைப் பார்த்து ஆம்புலன்ஸ் என்று வாயசைத்தேன். அவன் ஏற்கனவே மற்ற லைனில் 112-க்கு எடுத்து, சிஸ்டத்தில் இருந்து விலாசத்தை வாசித்துக்கொண்டிருந்தான். நான் லைனை விடவில்லை.

"அக்கா, இனிப் படி ஏற வேண்டாம். கதிரையில நிமிர்ந்து இருங்கோ. படுக்காதைங்கோ. கதவைத் திறந்து வையுங்கோ, ஆக்கள் வருகினம்."

"ஆர் வருகினம்? வீடு கூட்டேல்லை பிள்ளை..."

"அது பறவாயில்லை. கதையாதைங்கோ, மெல்ல மெல்ல மூச்சை எடுங்கோ. நான் லைனில நிக்கிறன்."

நான்தான் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று ஞாபகம் இல்லை. மழையைப் பற்றிக் கதைத்திருப்பேன். கடைசியில் அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது.

"ஆரோ பெல் அடிக்கினம். வைக்கிறன் பிள்ளை" என்றார்.

5. பூசை முடிந்த பிறகு

நெஞ்சில் நீர் நிறைந்திருந்தது. இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் மருந்திலேயே சமாளித்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். முகத்தில் மாஸ்க் போட்டிருந்ததால் கதைக்கவும் முடியவில்லை. சிந்தியா ரயில் பிடித்து வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சில நாட்களில் புஷ்பம் அக்கா போய்விட்டார்.

சேர்ச்சில் நடந்த அடக்கப் பூசைக்கு நானும் போனேன். பிறகு கோயில் மண்டபத்தில் கோப்பி தந்தார்கள். சிந்தியா என்னிடம் வந்தாள். நாற்பது வயதுப் பெண், தாயின் முகம் அப்படியே. டெனிஷில்தான் கதைத்தாள்.

"அன்ரிதானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. நன்றி. எல்லாம் எவ்வளவு திடீரெண்டு நடந்திட்டுது பாருங்கோ. நல்லாத்தானே வந்துகொண்டிருந்தவ. நிறை குறைஞ்சுகொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் படி ஏறினவ. நான் எவ்வளவு பெருமைப்பட்டன் தெரியுமே? கடைசியா அம்மாவுக்கு நான் எழுதினது 'மிக நல்லது மோர், இப்படியே தொடருங்கள்' எண்டு. ஒண்டு மட்டும் ஆறுதல். சண்டை பிடிச்ச மாதிரி ஒண்டையும் எழுதேல்லை. நல்லதொண்டைத்தான் எழுதினன்."

வாய் நீண்டவள் என்று பெயரெடுத்த நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேர்ஸ் கம்பெனி தங்கள் பக்கத்தில் ஒரு விபத்து ரிப்போர்ட் எழுதியது, அதில் ஆட்களின் பெயர் இராது. எங்களுக்கும் மெசேஜில் இருப்பதை வெளியில் கதைக்கக்கூடாது என்ற விதி இருந்தது. ஆனால் நான் வாய் மூடியது விதிக்காக இல்லை. அந்தப் பிள்ளையின் கையில் இருந்த ஒரேயொரு ஆறுதலைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஹென்றிக்கின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். தமிழுக்கு அந்தப் பொத்தானை இன்றைக்கே பூட்ட வேண்டும், அந்தச் சொல்லைத் திருத்த வேண்டும் என்றேன்.

"பூட்டினால் மற்றத் தமிழ் ஆக்கள் எப்பிடி எழுதுவினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "திருத்தச் சொல்லி எழுதுவம். ஆனால் வசந்தி, அது ஒரு சொல். பிரவுசரைச் செய்யிறவை பெரிய கம்பெனி."

"அந்த ஒரு சொல்லில ஒரு மனுசி செத்துப் போனா."

ஹென்றிக் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் அந்தப் பகிடியைக் கோப்பி அறையில் வாசிக்கவில்லை.

எழுதியது கார்த்திக்தான். நான் சொல்லச் சொல்ல, எங்கள் தமிழில் வருத்தம் சொல்லுகிற வசனங்களை எல்லாம் தட்டினான். இளைக்குது, நெஞ்சு அடைக்குது, தலை அம்முது, சத்தி வருது, ஏலாமல் கிடக்கு. ஒரு பதிலும் வரவில்லை. திரும்ப அனுப்பினான். பிறகும் அனுப்பினான். சாப்பாட்டு நேரத்திலும் அதோடுதான் இருந்தான். "நான்தானே அக்கா ஓகேன்னு போட்டேன்" என்று ஒரு நாள் சொன்னான். "உன்னட்டைத் தந்தவனைச் சொல்ல வேணும்" என்றேன். அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பிள்ளை பிறகு வேலையை விட்டுவிட்டுக் கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டது.

அவன் போவதற்கு முன் பிரவுசர் கம்பெனியிடம் இருந்து மெயில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, இந்த அப்டேட்டில் தமிழ் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று. சோதித்துப் பார்த்தோம். "படுத்தால் இளைக்குது" என்று எழுதினோம். "படுத்தால் மூச்சுத் திணறுகிறது" என்று டெனிஷில் சரியாக வந்தது. டிக்கெட்டைத் தீர்ந்தது என்று மூடினோம். ஹென்றிக் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவந்தார். நான் சாப்பிடவில்லை, கார்த்திக்கும் சாப்பிடவில்லை.

6. மாறிப்போன மெசேஜ்கள்

சில கிழமை கழித்து ஒரு காலை, லைனில் சிந்தியா. ஹெல்ப்டெஸ்க் இலக்கம் அந்தப் பக்கத்தின் அடியில் போட்டிருக்கும், அதைப் பார்த்து எடுத்திருக்கிறாள். நான்தான் மறுமுனையில் என்று தெரிந்ததும் டெனிஷில் கொட்டினாள்.

"அன்ரி, உங்கட சிஸ்டத்துக்குள்ள ஆரோ பூந்திட்டாங்கள். அம்மாவின்ர மெசேஜ் எல்லாத்தையும் மாத்தியிருக்கிறாங்கள்!"

"என்ன மாத்தினது?"

"நான் இடைக்கிட அதைத் திறந்து வாசிக்கிறனான். அம்மான்ர ஞாபகத்துக்கு. நேற்று திறந்தால் வேற மாதிரிக் கிடக்கு. முந்தி 'படி ஏறி மெலிகிறேன்' எண்டு இருந்தது, எனக்கு மனப்பாடம். இப்ப 'படி ஏறினால் மூச்சு வாங்குகிறது' எண்டு இருக்கு. 'இரவில் படுக்க மூச்சுத் திணறுகிறது' எண்டு இருக்கு. செத்துப்போன மனுசியின்ர எழுத்தில ஆர் கை வைச்சது? எனக்கு இதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ. நான் பொலிசுக்குப் போவன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தொழிலில் இத்தனை வருசம் இருந்தும், அந்தத் திருத்தத்துக்காகக் கத்திக் குளறியும், இதை நான் யோசிக்கவில்லை. மொழிபெயர்ப்பு எங்கேயும் சேமித்து வைக்கப்படுவதில்லை. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பிரவுசர் புதிதாக மாற்றிக் காட்டும். சொல்லைத் திருத்தினால் பழைய மெசேஜ்களும் திருந்தும். எல்லாம் ஒரே இரவில்.

ஹக்கர் என்று சொல்லியிருக்கலாம். பழுது என்று சொல்லி ஒரு டிக்கெட் திறந்திருக்கலாம். அந்தப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு போயிருக்கும்.

"ஒருத்தரும் கை வைக்கேல்லை சிந்தியா" என்றேன். "முந்தி மெஷின் பிழையா மொழிபெயர்த்தது. இப்ப சரியா மொழிபெயர்க்குது."

"அப்ப அம்மா எழுதினது?"

"அம்மா எழுதினது எப்பவும் அதுதான். ஒரு எழுத்தும் மாறேல்லை."

டோஸ்ட்ருப்பில் எங்கேயோ ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் தமிழுக்கு மாறினாள். சின்னப் பிள்ளையின் தமிழ். சாப்பாட்டைத் தவிர வேறு ஒன்றுக்கும் பழகாத தமிழ்.

"அன்ரி, நான் அம்மாக்குப் படி ஏறு எண்டு எழுதினது. மூச்சு இல்லை எண்டு அம்மா சொல்ல, நான் ஏறு எண்டு சொன்னது. அம்மா... ஏறினவவா?"

"ஓம் மகள்" என்றேன். "ஏறினவ. நீங்கள் சொன்னபடியால் ஏறினவ."

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. டெனிஷில் நன்றி என்று சொன்னாள். ஹெல்ப்டெஸ்க்கில் எல்லாரும் போனை வைக்கும்போது சொல்லுகிற அதே நன்றி. லைன் வெட்டுப்பட்டது. அதன் பிறகு நான் பலதரம் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மெஷினின் பிழையைக் கண்டால் கட்டாயம் திருத்துங்கள், விடாமல் சண்டை பிடித்துத் திருத்துங்கள். ஆனால் திருத்தம் போய்ச் சேருகிறதற்கு முதல், அந்தப் பிழையை உண்மை என்று நம்பிக்கொண்டு யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு நேரே போங்கள். பக்கத்தில் இருந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். சிந்தியாவுக்கு அதைச் சொன்னது ஒரு அப்டேட்.